கேட்டார்கள், சொன்னேன்

மாரிச்செல்வி பேனாவை மூடிவிட்டாள். மூடியதோடு நிற்கவில்லை, அதை மேசையின் மேல்விளிம்பில் நேராக வைத்து, பக்கத்தில் ஹால் டிக்கெட்டை வைத்து, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. ஒன்றேகாலுக்குத்தான் கடைசி மணி. வராத ஒருத்தியைக் கழித்தால் அறையில் பத்தொன்பது பேர், மற்ற பதினெட்டுப் பிள்ளைகளும் குனிந்த தலை நிமிராமல் எழுதுகிறார்கள், பேனா உரசுகிற சத்தம் கொறித்துக்கொண்டே இருக்கிற எலிச் சத்தம் மாதிரி கேட்கிறது, அதில் ஒரு பேனா மட்டும் இல்லை. சீக்கிரம் முடிக்கிற பிள்ளைகள் உண்டு. எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், முடித்துவிட்டு மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிற பிள்ளைகள், நகத்தைக் கடித்துக்கொண்டு மற்றவர்களை எண்ணுகிற பிள்ளைகள். இவளும் அப்படி ஒருத்தி என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நடந்துபோகும்போது பார்த்துவிட்டேன். நாற்பதாவது கேள்விக்கு நாலு வரி எழுதி, அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருக்கிறாள். அதோடு சரி. பகுதி நான்கு இல்லை. பக்கத்து வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் 'பகுதி IV' என்று தலைப்புப் போட்டுப் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருக்க, இவளுடைய வினாத்தாள் கடைசிப் பக்கம் மேசையைப் பார்த்தபடி கவிழ்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் நாற்பத்தொன்று முதல் நாற்பத்தேழு வரை. ஏழு ஐந்து முப்பத்தைந்து. தொண்ணூறில் முப்பத்தைந்து. கணக்கு டீச்சருக்கு இதைப் போடக் காகிதம் வேண்டாம். திருப்பிப் பார்க்கவில்லை, இந்தப் பெண் தாளைத் திருப்பியே பார்க்கவில்லை.

ஒரு சொல் போதும். 'திருப்பு' என்றால் போதும். சொல்கூட வேண்டாம், நடந்துபோகிற போக்கில் என் சேலை முந்தானை பட்டு அந்தத் தாள் கீழே விழுந்தால், நானே எடுத்து மேசையில் வைத்தால், வைக்கும்போது கடைசிப் பக்கம் மேலே இருந்தால், அவ்வளவுதான். ஆனால் காலையில் முதன்மைக் கண்காணிப்பாளர் அம்மா அறிவுரைகளை வாசித்தார்கள். தேர்வரிடம் வினாத்தாள் பற்றி எந்த விதத்திலும் பேசக் கூடாது, குறிப்புக் காட்டக் கூடாது. அதே அறிவுரை, போன வருஷமும் அதே, அதற்கு முந்தின வருஷமும் அதே. மற்ற டீச்சர்கள் கொட்டாவி விட்டார்கள், ஒருத்தி கைப்பைக்குள் இட்லி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் எழுதிக்கொண்டேன். பத்தொன்பது வருஷமாக எழுதிக்கொள்கிறேன். பக்கத்தில் இருந்தவள், இந்திராணி டீச்சர், உங்களுக்கு இது மனப்பாடமா இருக்குமே என்றாள். மனப்பாடம்தான். இருந்தாலும் சொல்லும்போது எழுதாமல் இருக்க எனக்கு வராது. என்ன செய்ய, வராது. ஒரு தடவை விடியற்காலை ஐந்து மணிக்குத் தென்காசி போகிறோம், சாலையில் ஒரு நாய்கூட இல்லை, சிவப்பு விளக்கு எரிகிறது, நிறுத்துங்கள் என்கிறேன். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, யாருக்காக நிக்கோம் இந்திராணி, சும்மா தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன் என்றார். யாருக்காகவும் இல்லை, விளக்கு சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான். முன்னெல்லாம் கேலி செய்வார், இவகிட்ட ரகசியம் சொல்றதும் மைக் போட்டுச் சொல்றதும் ஒண்ணு என்று என் எதிரிலேயே தன் தங்கைகளிடம் சொல்லிச் சிரிப்பார். பிறகு கேலியும் நின்றுவிட்டது, ரகசியமும் நின்றுவிட்டது. இப்போது என்னிடம் பேசும்போது பஸ் நேரம், பால், கரண்ட் இல்லாதது, இவ்வளவுதான் பேசுகிறார். ஜாக்கிரதையாகப் பேசுகிறார். வீட்டுக்குள் ஒரு அதிகாரி இருக்கிறமாதிரி.

நான் நடக்கிறேன். உட்காரக் கூடாது என்பது விதி. கரும்பலகையிலிருந்து பின்சுவர்வரை பதினாலு எட்டு, திரும்பிப் பதினாலு. மின்விசிறிகளில் ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்கிறது. பங்குனி வெயில் ஓட்டுக்கு மேலே நின்று இறங்க இடம் தேடுகிறது. நாலாவது வரிசையைத் தாண்டும்போது பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், பார்க்கிறேன். எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னின இரட்டைச் சடை, ஒரு காதில் கம்மல், இன்னொன்றில் ஈர்க்குச்சி. கழுத்தில் வேர்க்குரு. காலையில் ஹால் டிக்கெட் சரிபார்க்கும்போது கையெழுத்துப் போடச் சொன்னேன், பெயரைப் போட்டு அப்பா பெயரையும் சேர்த்து எழுதினாள், இங்கே எழுதலாமா டீச்சர் என்று கேட்டுவிட்டு எழுதினாள். கேட்டுவிட்டு எழுதுகிற பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளை எப்படித் தாளைத் திருப்பாமல் விடும். அவசரம் இல்லாத முகம். தப்பு செய்கிறோம் என்றே தெரியாத முகம். ஒருவேளை அவளுடைய வினாத்தாளில் பின்பக்கம் அச்சாகவில்லையோ. அப்படி இருந்தால் நான் சொல்லலாம், சொல்ல வேண்டும், வினாத்தாள் பழுது என்றால் துறை அலுவலரிடம் எழுதிக்கொடுத்து மாற்றுத் தாள் வாங்கலாம், அதற்கு விதி இருக்கிறது. எனக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. குனிந்து பார்த்தேன். காற்றில் மூலை தூக்கிக்கொண்டபோது எழுத்து தெரிந்தது. அச்சு இருக்கிறது. கறுப்பாக, தெளிவாக இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி நடந்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பி ஆளுமைப் பண்புகள் என்று சொல்லி அறுபது கேள்வி கொண்ட தாளைக் கொடுத்தார். கூட்டத்தில் பேசப் பிடிக்குமா, திட்டம் மாறினால் எரிச்சல் வருமா, பிறர் அழும்போது உங்களுக்கும் அழுகை வருமா. மற்றவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே டிக் போட்டார்கள். எனக்கு ஒவ்வொன்றும் பரீட்சையாக இருந்தது, 'சில சமயம்' என்பதற்கும் 'அநேகமாக' என்பதற்கும் நடுவில் கிடந்து வேர்த்தேன். கடைசியில் கூட்டிப் பார்த்து ஆளுக்கொரு நிறத்தில் அட்டை குத்திவிட்டார். எனக்கு நீலம். நீலம் என்றால் ஒழுங்கானவர்கள், நம்பகமானவர்கள், வகுத்த வழியில் போகிறவர்கள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உங்களை மாதிரி ஆட்கள் இருக்கிறதாலதான் ரயில் நேரத்துக்கு வருதும்மா என்றார் அந்தத் தம்பி. நல்ல குணம்தானே, கை தட்டக்கூடிய குணம்தானே. புளியங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, காய்கறி வாங்கி, வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கேட்டார், அது என்ன நெஞ்சுல நீல அட்டை. கழற்றலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் கழற்றவில்லை. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. ஊக்கைத் தானே கழற்றி அட்டையை மேசைமேல் வைத்தார்.

பன்னிரண்டு ஐந்து. மாரிச்செல்வி தண்ணீர் குடிக்கிறாள். பாட்டிலை மூடி, கீழே வைத்து, மறுபடி ஜன்னல். வெளியே ஒன்றும் இல்லை, வேப்பமரம், அதற்குக் கீழே சைக்கிள்கள். சொன்னால் என்ன ஆகும். சொன்னால் ஒரு பிள்ளைக்குச் சொல்லி, சொல்லாத பதினெட்டுப் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்ததாகும். இந்த அறையில் மறந்தவளுக்கு நான் சொன்னால், அடுத்த அறையில் மறந்தவளுக்கு யார் சொல்வார்கள். எல்லாக் கேள்வியையும் படிப்பதும் பரீட்சையில் சேர்த்திதான். இப்படியெல்லாம் எனக்குள் யாரோ பேசுகிறார்கள், நன்றாகத்தான் பேசுகிறார்கள், என் குரல்தான். நான் எதையும் யோசித்து முடிவெடுக்கிறவள் இல்லை, முடிவு ஏற்கெனவே எடுத்துக் கிடக்கிறது, அதற்குக் காரணம் தேடிச் சேர்க்கிறேன், வேலாயுதம் விஷயத்திலும் அப்படித்தான். வேண்டாம், வேலாயுதத்தை இப்போது நினைக்க வேண்டாம். பதினாலு எட்டு. திரும்பு. பதினாலு எட்டு.

வேலாயுதம் என் தம்பி. எலுமிச்சை மண்டியில் எடை பார்க்கிறான், நாற்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டியது, பதினாறு வருஷத்துக்கு முன்னால். கடையநல்லூர்ப் பெண், பவானி என்று பெயர், இரண்டு பேரும் பஸ்ஸில் பார்த்துப் பேசிப் பிடித்துப்போய், பிறகுதான் பெரியவர்களுக்குச் சொன்னார்கள். உறுதி செய்ய வந்த அன்று பெண்ணின் தாய்மாமன் கூட்டத்தில் என்னைத் தேடி வந்து உட்கார்ந்தார். எல்லோரும் இருந்தார்கள், அம்மா, சித்தப்பா, என் வீட்டுக்காரர். அவர் கேட்டது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "டீச்சர், உங்ககிட்ட கேட்டா உள்ளது உள்ளபடி வரும்னு ஊரே சொல்லுது. தம்பிக்குப் பழக்கம் ஏதும் உண்டா?" சித்தப்பா முந்திக்கொண்டு அதெல்லாம் கிடையாது என்றார். அவர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டையில் ஏதோ மேலேறி வருகிறது, விழுங்கப் பார்க்கிறேன், விழுங்க முடியவில்லை. "எப்பவாவது குடிப்பான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். காபி டம்ளர்கள் அப்படியே இருந்தன. அவர்கள் எழுந்து போனபிறகு யாரும் என்னைத் திட்டவில்லை, அம்மா மட்டும் பிறவிக்குணம் கட்டையில வெந்தாத்தான் போகும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வேலாயுதம் சாயங்காலம் வந்து வாசல்படியில் நின்றான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எக்கா, உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. காபி எடுத்துட்டு வாரேன்னு எந்திச்சு உள்ள போயிருக்கலாம்லா." நான் சொன்னேன், கேட்டாங்க, சொன்னேன். அவன் கேட்டான், நான் நிறுத்தி ஏழு மாசம் ஆச்சு, அது உனக்குத் தெரியும்லா, அதைச் சொன்னியா? சொல்லவில்லை. தெரியும், ஆனால் சொல்லவில்லை. அதை அவர்கள் கேட்கவில்லை.

அன்றைக்கு அப்புறம் அவன் என்னை 'நீ' என்று கூப்பிட்டதில்லை. பொங்கலுக்கு வருவான், கரும்பைச் சாத்தி வைத்துவிட்டு நல்லா இருக்கீங்களா என்பான், வாங்க, இருங்க, போயிட்டு வாரேங்க. வெளியாட்களுக்குக் கொடுக்கிற மரியாதை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒரு 'ங்க' சேர்த்து என்னைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டான்.

வராந்தாவில் செருப்புச் சத்தம். பறக்கும் படை. இரண்டு பேர் உள்ளே வருகிறார்கள், ஒருவர் உயரமாக, கையில் குறிப்பேடு, இன்னொரு அம்மா பிள்ளைகளின் காலடியைப் பார்த்துக்கொண்டே போகிறார். பேனாச் சத்தங்கள் ஒரு நொடி தயங்கி மறுபடி ஆரம்பிக்கின்றன. நான் நிமிர்ந்து நிற்கிறேன், எனக்கு இவர்களைக் கண்டு பயமில்லை, என் அறையில் ஒரு துண்டுக் காகிதம் கிடைக்காது. உயரமானவர் நாலாவது வரிசையில் நிற்கிறார், மாரிச்செல்வியைப் பார்க்கிறார், மூடின பேனாவைப் பார்க்கிறார். கேளுங்கள், கேளுங்கள் சார், ஏம்மா எழுதலையா என்று கேளுங்கள், நீங்கள் கேட்டால் அவள் தாளை எடுத்துப் பார்ப்பாள். அவர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டிவிட்டு, நல்ல ஒழுங்கா இருக்கு டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல ஒழுங்கு. அவர் என்னிடம் கேட்டிருந்தால்கூடப் போதும், இந்தப் பிள்ளை ஏன் சும்மா இருக்கு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்டால் சொல்வேன், கேட்டால் எனக்குச் சொல்ல வரும். யாரும் கேட்காத உண்மை மட்டும் என் வாயிலிருந்து வராது. என் அம்மா கேட்டாள், கடைசி நாட்களில். அம்மா கேட்டது வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த பிறகு பதினோரு நாள் இருந்தாள், உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத ரசம், டாக்டர் எழுதிக்கொடுத்த தாள் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது, நான்தான் ஒட்டினேன். ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய் என்றாள். நாக்குல தடவிட்டுத் துப்பிருதேன் என்றாள். அம்மா, கூடாதும்மா. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும். எட்டாவது நாள் கேட்கவில்லை, சரி, புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். புரிந்துகொள்ளவில்லை, விட்டுவிட்டாள். ஊறுகாய் ஜாடி அடுப்படியில் இரண்டாவது தட்டில் இருந்தது, எழுந்து நடக்க முடிந்தால் ஆறு எட்டில் போய்விடலாம். டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று. அவரே சொன்னார். ஆனால் அந்தத் தாளைக் கிழிக்கும்படி அவர் சொல்லவில்லை.

பன்னிரண்டு முப்பத்தைந்து. இன்னும் நாற்பது நிமிஷம். ஏழில் நாலு கேள்வி எழுதலாம், வேகமாக எழுதினால் ஐந்து. ஒவ்வொரு நிமிஷமும் குறைகிறது. இவளுடைய அம்மா பீடி சுற்றுகிறவளாக இருக்கலாம், அப்பா கேரளாவில் இருக்கலாம், இந்தப் பரீட்சையில் வாங்குகிற மதிப்பெண்ணை வைத்து ஏதோ ஒரு கல்லூரியில் சேரலாமா கூடாதா என்று ஒரு வீடு காத்துக்கொண்டிருக்கும். இதை நான் கற்பனை செய்கிறேனா, காரணம் தேடிச் சேர்க்கிறேனா, இந்தத் தடவை எதிர்ப்பக்கத்துக்குச் சேர்க்கிறேனா. இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. யாராவது பார்த்தால். யாரும் பார்க்காவிட்டால் மட்டும் என்ன, நான் பார்ப்பேனே. வேலாயுதம் சொன்னது கேட்கிறது, எந்திச்சு உள்ள போயிருக்கலாம்லா. அன்றைக்கு வாயை மூட வேண்டிய இடத்தில் திறந்தேன், இன்றைக்குத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டு நிற்கிறேன், இரண்டு தடவையும் ஒழுங்காக இருந்தவள் நான்தான், இரண்டு தடவையும் நஷ்டப்பட்டது வேறு ஆள். என் கால்கள் நடக்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று. இது என் நடை இல்லை, வழக்கமான நடையைவிட மெதுவாக இருக்கிறது. நாலாவது வரிசை. நான் குனிகிறேன், குனிந்துவிட்டேன், அவளுடைய தலை எண்ணெய் வாசனை மூக்கில் ஏறுகிறது, என் விரல் வினாத்தாளின் மூலையைத் தொட்டுவிட்டது. "பின்பக்கம் பார்த்தியாம்மா? பகுதி நாலு இருக்கு." சொல்லிவிட்டேன். என் காதுக்கே அது வேறு யாரோ பேசினமாதிரி இருந்தது.

மாரிச்செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் பயம் இருந்தது, தப்புச் செய்து பிடிபட்ட பயம். "பாத்துட்டேன் டீச்சர்" என்றாள், உதடு மட்டும் அசைந்தது. "எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாது."

பார்த்துவிட்டாள். தாளை வாங்கின முதல் பத்து நிமிஷத்திலேயே பார்த்திருப்பாள், வாசிக்கக் கொடுக்கிற நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் போல வாசித்து, தெரியாது என்று தெரிந்துகொண்டு, தெரிந்ததை எழுதி, கோடு போட்டு, பேனாவை மூடி, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். நாற்பத்தைந்து நிமிஷமாக நான் யாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர முடியவில்லை, இடுப்பில் பிடித்துக்கொண்டமாதிரி இருக்கிறது. பக்கத்து மேசைப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்கிறாள். நான் நிமிர்ந்து நடந்து கரும்பலகைக்கு வந்து திரும்பிப் பார்த்தால், மாரிச்செல்வி பேனாவைத் திறக்கிறாள். போட்ட இரண்டு கோட்டுக்குக் கீழே 'பகுதி IV' என்று எழுதுகிறாள். எனக்கு ஒரு கணம் என்னவோ போல இருந்தது, ஒருவேளை ஞாபகம் வந்ததோ, பயத்தில் மறந்தது இப்போது வந்ததோ. அந்த வரிசைப் பக்கம் போனேன். அவள் கேள்வியை எழுதிக்கொண்டிருக்கிறாள். வினாத்தாளில் இருப்பதைப் பார்த்து, ஒரு எழுத்து விடாமல், நாற்பத்தொன்றாவது கேள்வியை விடைத்தாளில் எழுதி, கீழே அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப்போட்டு மறுபடி எழுதுகிறாள். டீச்சர் சொல்லிவிட்டார்கள், எழுத வேண்டும். நான் அவள் அருகில் நிற்பதைப் பார்த்து இன்னும் வேகமாக எழுதுகிறாள். மேலுதட்டில் வேர்வை. சற்று முன்னால்வரை வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்த பிள்ளை. வேண்டாம்மா, விட்டிரு என்று சொல்ல வேண்டும். அதற்கு இன்னொரு தடவை பேச வேண்டும். நான் பின்சுவருக்குப் போய் நின்றுகொண்டேன். நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. கடைசி மணி அடிக்கிறவரை அவள் நிமிரவில்லை.

விடைத்தாள்களை வாங்கி, எண் வரிசைப்படி அடுக்கி, இரண்டு தடவை எண்ணிக்கொண்டு போனேன். துறை அலுவலர் ராமசுப்பு சார் மேசைக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் விளாத்திகுளம் பக்கத்துக்காரர், எதற்கும் அவசரப்படாத மனுஷன், சட்டைப்பையில் எப்போதும் சுக்கு மிட்டாய் இருக்கும், வருகிற டீச்சர்களுக்கெல்லாம் ஒன்று கொடுப்பார். எனக்கும் ஒன்று வைத்தார். கட்டை வாங்கி எண்ணி, படிவத்தை என் பக்கம் தள்ளி, விரலால் கோட்டைக் காட்டினார். தேர்வறையில் விதிமீறல் எதுவும் நடைபெறவில்லை எனச் சான்றளிக்கிறேன். எத்தனை வருஷம் போட்ட கையெழுத்து. பேனாவை வைத்தேன். பேனா நகரவில்லை. சார் வேறு கட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டே, வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுபோலக் கேட்டார்: "ஹால்ல ஒண்ணும் இல்லையே, டீச்சர்?"

கேட்டுவிட்டார். தொண்டையில் அது ஏறி வருகிறது, அதே இடத்தில், அதே மாதிரி. காபி எடுத்துட்டு வாரேன்னு எந்திச்சுப் போ, எந்திச்சுப் போ. இங்கே எங்கே எழுந்து போக, நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். "ஒரு பொண்ணுகிட்ட பேசிட்டேன் சார்" என்றேன். அவர் நூல் சுற்றுவதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். தண்ணி கேட்டிருக்கும் என்றார், கேள்வியாக இல்லை, எனக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி. ஆமாம் சார் என்றால் போதும். மற்ற டீச்சர்கள் தங்கள் கட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஆமாம் என்று தலையை ஆட்டினாலே போதும். "இல்ல சார், வினாத்தாள்ல பின்பக்கம் பார்க்கச் சொன்னேன்." சொல்லும்போதே தெரிகிறது, இது என்னோடு நிற்காது, எழுதினால் அந்தப் பிள்ளையின் விடைத்தாளைத் தனியாக எடுப்பார்கள், விசாரணை என்பார்கள், முடிவை நிறுத்தி வைப்பார்கள், தெரிந்த அளவுக்கு எழுதி, கோடு போட்டு, தேறிவிடும் என்று நிம்மதியாக இருந்தவளுக்கு அதுவும் போகும். தெரிகிறது. தெரிந்துகொண்டே என் வாய் திறந்திருக்கிறது, யாரும் கேட்காத பதிவெண்ணையும் சொல்லப் போகிறது, இப்போதாவது கேட்காததைச் சொல்ல வருகிறதே என்று உள்ளே எங்கோ ஒரு எக்களிப்பு, கடைசி மூன்று இலக்கத்தை என் குரல் சொல்வது எனக்கே கேட்டது. நாலு, ஏழு, ஒன்று.

ராமசுப்பு சார் பேனாவைத் தொடவில்லை. என் கட்டைத் தன் பக்கம் இழுத்து, மேலே காகிதம் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்தினார். அவசரமே இல்லை. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "இங்க ஒரே இரைச்சலா இருக்கு, டீச்சர். நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. வேன் வந்து நிக்குது, கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க." இரைச்சலே இல்லை. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கும். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் சொன்னார், போட்டேன்.

வாசலில் பிள்ளைகள் கூட்டம். மாரிச்செல்வி எங்கே நிற்கிறாள் என்று நான் தேடவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு நல்ல மனுஷன் காப்பாற்றிவிட்டார், என்னிடமிருந்து காப்பாற்றினார். வெயிலில் நிற்கிறேன், நெஞ்சு அடங்கும் என்று பார்க்கிறேன். அடங்கவில்லை, அங்கே ஏதோ வேலை நடந்துகொண்டிருக்கிறது. மெதுவாகத்தான் புரிந்தது. துறை அலுவலரிடம் ஒரு கண்காணிப்பாளர் விதிமீறலைத் தெரிவித்திருக்கிறார். அதை அவர் பதிவு செய்யவில்லை. பதிவு செய்யாமல் கட்டுக்கு முத்திரை வைத்திருக்கிறார். அதை யாரிடம் தெரிவிப்பது. என் மனம் தேடத் தொடங்கியிருந்தது, முதன்மைக் கண்காணிப்பாளர் அம்மாவிடமா, அதற்கு மேலேயா, எழுத்து மூலமாகவா, இன்றைக்கேயா, வாக்கியம்கூட உருவாகிக்கொண்டிருந்தது, மேற்படி நாளில் மேற்படி அறையில். நிறுத்து என்றேன். அது நிற்கவில்லை, மேற்படி துறை அலுவலர் என்று அடுத்த வரிக்குப் போனது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், போன வாரம்தான் போட்டோ காட்டினார். இங்கே சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற நேர்வழியில்தான் கல்வி அலுவலகம் இருக்கிறது, பச்சை கேட், இரண்டு மணிக்கும் யாராவது இருப்பார்கள், உள்ளே போனால் என்ன விஷயமா வந்தீங்க டீச்சர் என்று கேட்பார்கள்.

கேட்பார்கள்.

ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன். பஸ் ஸ்டாண்டு என்றேன். ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நேர் ரோட்டுல போகாதீங்க, தம்பி."

அது சுத்தாச்சே டீச்சர், ரயில்வே கேட்டையும் போட்டிருப்பான் என்றார் அவர்.

"பரவாயில்ல. சுத்தியே போங்க."